கொறங்காட்டில் வெள்வேல் கன்று நிற்க மாட்டேன் என்கிறதே?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது புல்லும் மரமுமாக வேலி அடைத்த மேய்ச்சல் நிலம். பழைய வெள்வேல மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. நர்சரிக் கன்று வைத்துச் சொட்டுநீரும் விட்டேன். பாதி காய்ந்தது, மீதியை வெள்ளாடு தின்றது. பேசாமல் தைலமரம் வைத்துவிடலாமா?

பதில்: தைலமரம் வைத்தால் புல் போய்விடும், அப்புறம் அது மேய்ச்சல் காடாகவே இருக்காது. காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை வந்தாலே பெரிய விஷயம். அந்தச் சரளை மேட்டில்தான் வெள்வேல் தானாக வரும். பொடி இலை, நிழல் லேசாகத்தான் விழும், அதனால்தான் அடியில் கொழுக்கட்டைப் புல் நிற்கிறது, உதிர்கிற காயும் ஆடுமாட்டுக்குத் தீனி.

கன்று காய்ந்ததற்கு நான் நர்சரிப் பையைத்தான் சந்தேகப்படுவேன். ஆணிவேர் ஆழமாக இறங்க வேண்டிய மரம் இது, பைக்குள் நாள்பட இருந்தால் வேர் சுருண்டுவிடும், நீங்கள் வேறு தினமும் மேலாகச் சொட்டவிட்டதில் அது கீழே தேடிப்போக வேலையே இல்லை.

விதையாகப் போடுங்கள். முற்றிய காயை மரத்தடியில் பொறுக்கி, விதையெடுத்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்ததும் குழிக்கு மூன்று விதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். 40 அடிக்கு ஒரு குழி, ஏக்கருக்கு 27 வரும், அதற்கு மேல் நெருக்காதீர்கள். ஆட்டுப் புழுக்கையில் வரும் விதையும் நன்றாகவே முளைக்கும், ஆனால் அதே வழியில் சீமைக்கருவேலமும் வந்து சேரும், எனவே நான் சொல்ல மாட்டேன்.

நாலு ஏக்கரிலும் ஒரேயடியாக இறங்க வேண்டாம். கிளுவை வேலி போட்டுத் தடுத்த ஒரு பாகத்தில் மட்டும் ஊன்றி, கன்று ஆள் உயரம் தாண்டும்வரை ஆட்டை உள்ளே விடாமல் புல்லை அறுத்துப் போடுங்கள். முள் கொத்துகளைச் சுற்றி வைப்பது முயலுக்குத்தான் சரி, வெள்ளாட்டிடம் நடக்காது.

பட்டுப்போகிற மரங்களில் அடித்தூரைப் பாருங்கள், துளையிலிருந்து மரத்தூள் கொட்டுகிறதா, யாராவது பட்டை உரித்திருக்கிறார்களா என்று. சாராயம் காய்ச்சப் பட்டை உரிக்கிற பழக்கம் இந்த மரத்துக்குப் பழைய சாபம். இன்னொன்று, இளந்தழையில் சயனைடு நஞ்சு உண்டு, அதை வெட்டி வெறும் வயிற்று ஆட்டுக்கு அதை மட்டுமே போடாதீர்கள், முதலில் கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டு தின்னட்டும்.