வட்டி வேண்டாம், சேமிப்பு வேண்டும்: என்ன வழி?

கேள்வி: சொந்த ஊர் மேலப்பாளையம். வயது 29, சென்னையில் ஐடி வேலை. வட்டி ஹராம் (மார்க்கத்தில் தடை) என்பதால் எஃப்டி போடவில்லை. 6 லட்சம் ரூபாய் சேவிங்ஸ் கணக்கிலேயே கிடக்கிறது. அதற்கு விழும் வட்டியும் உறுத்துகிறது. "பிழைக்கத் தெரியாதவன்" என்று ஆபீஸில் கிண்டல். மாதம் 15,000 ரூபாய் முதலீடு செய்ய வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதற்கு உங்கள் ஆலிம் (மார்க்க அறிஞர்) இருக்கிறார். பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

சும்மா கிடக்கும் 6 லட்சத்துக்கு வருடம் 2.5% ஜகாத் (கட்டாய தர்மம்), அதாவது 15,000 ரூபாய் போகும். விலைவாசி தின்பது தனி. ஆறு மாதச் செலவுக்கு மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு மீதியைத் தொழில் நடத்தும் கம்பெனிகளின் பங்குகளில், ஃபண்ட் வழியாக இறக்குங்கள்.

ஷரியா (இஸ்லாமியச் சட்டம்) விதிப்படி நடக்கும் ஃபண்டுகள் இங்கேயே இருக்கின்றன: டாடா எதிக்கல், டாரஸ் எதிக்கல், நிஃப்டி 50 ஷரியா இடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்). வங்கி, இன்சூரன்ஸ், மது, புகையிலைப் பங்குகள் இவற்றில் கிடையாது. கடனில் மூழ்கிய கம்பெனிகளும் வடிகட்டப்படும்.

இதில் ஒரு சிக்கல். நிஃப்டி என்ற 50 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீட்டில் அதிக எடை வங்கிகளுக்குத்தான். அவற்றைக் கழித்தால் ஐடி பங்குகளின் எடை வீங்கிவிடும். உங்கள் சம்பளமும் ஐடி! அந்தத் துறை படுத்தால் வேலையும் முதலீடும் சேர்ந்தே ஆடும். அதனால் இடிஎஃப்பை விட்டுவிட்டு, பல துறைகளில் பரவிய எதிக்கல் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய்க்கு எஸ்ஐபி (மாதாமாதம் தவணையாக முதலீடு) போடுங்கள். அதிலும் ஐடி எத்தனை சதவீதம் என்று மாதாந்திர அறிக்கையைப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள். மீதி 5,000 தங்கத்துக்கு. தங்கப் பத்திரம் பக்கம் போகாதீர்கள், அது 2.5% வட்டி தரும் சரக்கு.

சம்பளத்தில் பிடிக்கும் பிஎஃப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்கும் வட்டி உண்டு என்பதால் அடுத்து அதுதான் உறுத்தும். கட்டாயமாகப் பிடிப்பதற்கும் நீங்களாக விரும்பிக் கூடுதலாகக் கட்டும் விபிஎஃப்புக்கும் உலமாக்கள் (ஆலிம்கள்) வேறுபாடு பார்க்கிறார்கள். ஆலிமிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழும் அந்த வட்டி. அதை நன்மை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது உங்களில் பலருக்கு வழக்கம். சரி, கொடுங்கள். ஆனால் "நான்தான் தொடவே இல்லையே" என்று வருமான வரிக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். வரித் துறைக்கு அது உங்கள் வருமானம்தான். வங்கி ஏற்கெனவே தகவல் அனுப்பியிருக்கும்.