ஊர்க் குளங்களும் வரத்து வாய்க்கால்களும்: கேள்வி பதில்

கொங்கு வட்டாரக் குளம் குட்டைகளை மீட்கும் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு வந்த கேள்விகளுக்கு, களப்பணியைக் கவனிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அவிநாசி, விவசாயி: அண்ணா, எங்கள் குளத்தைப் பொக்லைன் வைத்துப் பத்தடி ஆழப்படுத்தித் தருவீர்களா?

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம் தம்பி. உங்கள் பகுதிக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் குழாய்த் தண்ணீர் வருகிறது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் எடுக்கப்படும் அந்த நீர், ஆற்றில் உபரி இருக்கும் காலத்தில்தான் கிடைக்கும். மழைநீரைக் கொண்டுவந்த பள்ளமும் வரத்து வாய்க்காலும் மனைகளாகவும் தார்ச்சாலையாகவும் மாறிக் கிடக்கும்போது குளத்தை மட்டும் தோண்டுவது, வாய் தைத்த சாக்கைப் பெரிதாக்குவதைப் போன்றது. புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு, வாய்க்கால் தொடங்கும் இடத்திலிருந்து குளம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சாலைக்கு அடியில் உள்ள குழாய்ப் பாலம் மண்மூடிப் போயிருந்தாலே வெள்ளம் திசைமாறிவிடும். படிந்த வண்டலை எடுக்கலாம். பழைய தரையைத் தோண்டக் கூடாது. கரையின் அடிவாரத்தில் கைவைக்கவே கூடாது. குளத்தைக் கிணறாக்க வேண்டாம்.

திருப்பூர், கல்லூரி மாணவி: ஐயா, நஞ்சராயன் குளம் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததால் என்ன மாறும்?

ராம்சர் என்பது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல். ஈரோடு வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் அப்பட்டியலில் சேர்ந்தன. அது உலக அளவிலான அங்கீகாரம். காவலர்களையோ பணத்தையோ தானாகக் கொண்டுவராது. இரண்டும் பறவைகள் சரணாலயங்கள் என்பதால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அவற்றுக்கு உண்மையான காவல். நஞ்சராயன் குளத்துக்கு நல்லாறு நீர் தருகிறது. ஆகவே அந்த ஆற்றில் கலக்கும் கழிவுநீரை நிறுத்தாமல் குளத்தைக் காக்க முடியாது.

ஜனவரியில் ஒரு காலை வேளையில் போய், நீர் வற்றிவரும் விளிம்பில் நின்று பாருங்கள் அம்மா. மாட்டின் குளம்படி பதிந்த சேற்றை ஒட்டி, பவளக்கால் உள்ளான் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து, மெல்லிய கறுத்த அலகால் பூச்சிகளைக் கொத்தி எடுக்கும்; அருகே பட்டாணி உப்புக்கொத்தி சிறிது ஓடி, நின்று, மறுபடி ஓடி இரை தேடும். கரையைச் செங்குத்தாக வெட்டி ஆழமாக்கிய குளத்தில் இவற்றுக்கு நிற்க இடமில்லை. நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் மிஞ்சும்.

பல்லடம்: எங்கள் குட்டையை எத்தனை அடி தோண்டலாம்?

அவிநாசித் தம்பிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

காங்கேயம், விவசாயி: இதை ஏற்க முடியாதுங்க. எங்கள் குளத்தில் ஆயக்கட்டுப் பாசனம், அதாவது மதகு வழியாக வயலுக்கு நீர் பாய்வது, எப்போதோ நின்றுவிட்டது. கிணற்றில் ஊற்று ஏறினால் போதும். பரப்பாக நின்றால் வெயிலில் ஆவியாகும்; ஆழமாக இருந்தால் நிற்கும். பறவைக்காகக் குடியானவன் காய்வதா?

ஆவியாதல் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. வெயிலும் காற்றும் மிகுந்த உங்கள் பக்கத்தில் அது பெரிய இழப்பு. ஆனால் ஊற்றைத் தடுப்பது ஆழக்குறைவு அன்று, தரையை மூடிய களிவண்டல். அதை அகற்றினாலே நீர் இறங்கும். நம்முடையது பாறைப் பூமி. அளவுக்கு மீறித் தோண்டினால் விரிசலற்ற பாறையில் முட்டி நிற்போம்.

சூலூர்: காங்கேயத்து அண்ணன் தம் கிணற்றை மட்டும் பார்க்கிறார். ஆயக்கட்டு உள்ள எங்களுக்கு, மதகின் மட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் வயலுக்கு வருமா?

வராது. இறைத்தால்தான் உண்டு.

காங்கேயம்: எங்களுக்கு மதகே தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். எந்த ஆழத்தில் நிறுத்துவது, அதைச் சொல்லுங்கள்.

குளத்தின் மூன்று நான்கு இடங்களில் சோதனைக் குழி வெட்டுங்கள். மேலே கறுத்து வழுவழுப்பான வண்டலும், அதன் கீழே பருமணலோ சரளையோ கலந்த பழைய தரையும் தனித்தனியாகத் தெரியும். அந்த எல்லையில் நிறுத்துங்கள். கோடையில் மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கரையை விட்டுத் தள்ளி ஒரு பகுதியை மட்டும் பள்ளமாக்கி, மற்றப் பக்கங்களைச் சரிவாக விடுங்கள். எவ்வளவு பங்கு என்பதை ஆயக்கட்டுக்காரரும் கிணற்றுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதை வெளியூரிலிருந்து நான் தீர்மானிப்பது முறையாகாது.

உக்கடம்: ஆகாயத் தாமரையை எத்தனை முறை அகற்றினாலும் வந்துவிடுகிறதே?

சாக்கடை நீர் அதற்கு உரம். கழிவுநீர் வாயை அடைக்காத வரை வந்துகொண்டேதான் இருக்கும். அகற்றியதைக் கரையிலேயே குவிக்காதீர்கள். முதல் மழையில் திரும்பவும் உள்ளே போய்விடும்.

கோபி: எங்கள் தோட்டத்தில் போர்வெல் எங்கே போடலாம்?

நிலத்தடி நீர் வல்லுநரைக் கேளுங்கள். இது எங்கள் துறை அன்று.

தாராபுரம்: குளத்தைப் பதினைந்து அடி தோண்ட எவ்வளவு செலவாகும்?

தோண்ட வேண்டாம் என்று மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன். தயவுசெய்து மேலே படியுங்கள்.

ஊத்துக்குளி, மண்பாண்டத் தொழிலாளி: வண்டல் எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது ஐயா?

வட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள். மண்பாண்டத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் இலவசமாகவே தருகிறார்கள். அனுமதியில் குறித்த இடத்தையும் ஆழத்தையும் மீறி வேறு யாருடைய வண்டியாவது இறங்கினால் அன்றைக்கே அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குளத்தில் தண்ணீர் ஏறிய பிறகு எவ்வளவு தோண்டினார்கள் என்று அளக்க வழியிருக்காது.