லிஃப்ட் வாங்கும் முன் தரையைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: சார், என்னிடம் மாருதி 800, ஸ்விஃப்ட், அப்பா ஓட்டிய அம்பாசிடர் என மூன்று வண்டிகள் இருக்கின்றன. ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் நானேதான். ஜாக்கி வைத்துத் தரையில் படுத்து வேலை பார்த்து முதுகு போய்விட்டது. வீட்டுப் பக்கத்தில் 13 அடி அகலம், 20 அடி நீளத்தில் கான்கிரீட் கூரை போட்ட ஷெட் இருக்கிறது, உயரம் பத்தரை அடி. டைல்ஸ் தரை. காரைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் லிஃப்ட் போடலாமா? 3 டன் போதுமா, 4 டன் வேண்டுமா?
(வாசகர், சிங்காநல்லூர், கோவை)

பதில்: போடலாம். டன் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். 800 சுமார் 650 கிலோ, ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்குள், அம்பாசிடர் அதற்குக் கொஞ்சம் மேல். 3 டன்னே தாராளம். நாளைக்கு ஃபார்ச்சூனர் மாதிரி இரண்டு டன்னைத் தாண்டும் வண்டி வரலாம் என்று தோன்றினால் 4 டன் வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, லிஃப்டின் நான்கு கைகளும் எவ்வளவு நீள்கின்றன, எவ்வளவு சுருங்குகின்றன என்று பாருங்கள். 800 குறுகலான, குட்டையான வண்டி. பெரிய வண்டிகளுக்கென்று செய்த லிஃப்டில் அதன் ஜாக்கி பாயிண்டுக்கு, அதாவது அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டிய இடத்துக்கு, கை எட்டாமல் போகலாம். வாங்கும் இடத்துக்கே 800-ஐ ஓட்டிப்போய் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

உயரத்துக்கு வருவோம். பத்தரை அடி என்றால் 3.2 மீட்டர். மேலே குறுக்குச் சட்டம் வைத்த லிஃப்டுகள் 12 அடி வரை கேட்கும், அவை உங்களுக்கு ஆகாது. கேபிளும் ஆயில் போகும் ஹோஸும் தரையோடு ஒரு தகட்டுக்கு அடியில் போகிற மாடல் இருக்கிறது, தூண் ஒன்பது அடி சொச்சம்தான், அதைக் கேளுங்கள். ஸ்விஃப்டின் உயரம் 1.53 மீட்டர். கூரைக்கு நான்கு விரல் இடைவெளி விட்டால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி தூக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது, சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், முதுகுக்கு அதுவே பெரிய விடுதலை. கூரையில் பீம் இறங்கியிருந்தால் பீமின் அடியிலிருந்து அளக்க வேண்டும். ஃபேன் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இனி டைல்ஸ். நம் ஊரில் போர்டிகோவும் ஷெட்டும் எப்படிப் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்: மண்ணை நிரப்பி, தண்ணீர் விட்டு, மேலே நான்கு அங்குலத்துக்கு 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் பெரிய ஜல்லி போட்டு, கலவை பூசி டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். கார் நிற்க அது போதும். தூணைத் தரையோடு இறுக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்க அது போதவே போதாது. இரண்டு தூண் லிஃப்டில் வண்டியின் பாரம் தூணின் மேல் நேராக இறங்குவதில்லை. கையை நீட்டி வாளியைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஆள் முன்பக்கம் சாய்வது போல ஒவ்வொரு தூணும் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும், அதைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது வெளிப்பக்கத்து போல்டுகள்தான். அந்த போல்ட் நட்டிருக்கும் கான்கிரீட் பொடிப்பொடியாக இருந்தால் லிஃப்டில் என்ன சான்றிதழ் ஒட்டியிருந்தும் பயனில்லை, கீழே நிற்பது நீங்கள்.

லிஃப்ட் கம்பெனிகளின் கையேடுகள் பெரும்பாலும் குறைந்தது நான்கு அங்குல கனத்தில், எம்-20 அளவு வலுவுள்ள கான்கிரீட்டைக் கேட்கும். எத்தனையோ பேர் "நான்கு அங்குலம்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வலுவை விட்டுவிடுகிறார்கள். தூண் வரும் இரண்டு இடத்திலும் டைல்ஸை எடுத்துத் துளை போட்டுப் பாருங்கள். என் கணிப்பில் உடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும். கோவையில் பல பகுதிகள் கரிசல் மண் வேறு, மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அப்படியிருந்தால் அந்த மண்ணை எடுத்துவிட்டு கிராவல் கொட்டி நன்றாக இறுக்கி, ஷெட் முழுக்க ஒரே தளமாக எட்டு அங்குலத்துக்கு அதைவிட வலுவான எம்-25 கான்கிரீட், மேலும் கீழும் 12 எம்.எம். கம்பி வலை என்ற அளவில் நான் யோசிப்பேன். இறுதிக் கணக்கை உங்கள் மண்ணைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போடட்டும், மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டாம். கான்கிரீட் போட்டபின் 28 நாள் பொறுங்கள். ஒரு வாரத்தில் லிஃப்ட்காரர் வந்து துளை போடுகிறேன் என்றால் விடாதீர்கள். டைல்ஸ் மேலேயே தூணை நிறுத்துகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீர் சம்ப் எங்கே இருக்கிறது? நிறைய வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் சம்ப், சில வீடுகளில் செப்டிக் டேங்க். கட்டிய காலத்துப் படம் இருந்தால் தேடி எடுங்கள், இல்லையென்றால் கட்டியவரைக் கேளுங்கள். சம்ப் மூடியின் மேலோ அதன் சுவரை ஒட்டியோ தூண் வரவே கூடாது.

மின்சாரத்துக்கு 3 எச்.பி. மோட்டார். வீட்டில் த்ரீ பேஸ் இருந்தால் த்ரீ பேஸ் மோட்டாரே வாங்குங்கள். சிங்கிள் பேஸ் என்றால் மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி., 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், நல்ல எர்த்திங். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வண்டி கீழே இறங்கிவிடாமல் தூணில் தாங்கும் பூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்போது இறக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும், தூக்க மோட்டார் வேண்டும். ஆக, கரண்ட் வரும்வரை வண்டி மேலேதான். மறுநாள் காலையில் ஊருக்குப் போகிற வண்டியை இரவில் ஏற்றிவைக்காதீர்கள்.

வேலை பார்க்கும் முறை: தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியதும் நிறுத்தி வண்டியை ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிக் கைகளை மாற்றி வையுங்கள். தேவையான உயரம் போனதும் இரண்டு பக்கமும் பூட்டு விழுந்த சத்தம் கேட்க வேண்டும், அப்புறம் அந்தப் பூட்டின் மேல் இறக்கி உட்கார வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஆயில் அழுத்தத்தை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அப்பாவின் அம்பாசிடருக்குத் தனி எச்சரிக்கை: அது சேசிஸ் தனியாக இல்லாத வண்டி, பாரமெல்லாம் பாடித் தகட்டில்தான். பழைய அம்பாசிடரில் கதவுக்குக் கீழே துரு தின்றிருப்பது சகஜம். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் வெல்டிங் முடித்த பிறகே லிஃப்ட்.

கேள்வி: லிஃப்டுக்குப் பதில் பள்ளம் தோண்டினால் செலவு குறையுமே?
(வாசகர், மேலூர்)

பதில்: குறையும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எல்.பி.ஜி.யும் அப்படியே. கசிந்தால் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். மழைத்தண்ணீர் வேறு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேச்சே வேண்டாம். செலவுதான் தடை என்றால் நகர்த்தக்கூடிய கத்தரி லிஃப்டைப் பாருங்கள். சுமார் மூன்றடி தூக்கும், டயர், பிரேக் வேலைக்குப் போதும், கெட்டியான சமதளம் இருந்தால் போல்ட் தேவையில்லை. நடுவில் அது அடைத்துக்கொள்வதால் கியர்பாக்ஸ் இறக்க முடியாது.

கேள்வி: ஒரு கார் இடத்தில் இரண்டு கார் நிறுத்த நான்கு தூண் லிஃப்ட் போட நினைக்கிறோம். கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தின் உயரம் 9 அடி.
(வாசகி, மடிப்பாக்கம், சென்னை)

பதில்: இரண்டு ஹேட்ச்பேக் என்றாலும் கீழே ஐந்தடி, மேலே ஐந்தடி, நடுவில் மேடையின் கனம். பதினொரு அடியாவது வேண்டும், ஆகவே நடக்காது அம்மா. உயரம் இருக்கும் மற்றவர்களுக்கு: மேலே இருப்பதை எடுக்கக் கீழே இருப்பதை வெளியே விட வேண்டும், தினமும் இரண்டு வண்டியும் ஓடும் வீட்டில் இது சண்டையைத்தான் கொண்டுவரும். தரைக்கு அடியில் பேஸ்மென்ட் இருந்தால் இன்ஜினியர் எழுதிக் கொடுக்காமல் எந்த லிஃப்டும் வேண்டாம்.

கேள்வி: மூடிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய லிஃப்ட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
(வாசகர், அவிநாசி)

பதில்: கழற்றுவதற்கு முன் போய், வண்டி ஏற்றி ஓட்டச் சொல்லிப் பாருங்கள். கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் புது கேபிள். கைகளின் வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அதை மறுபடி வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே தூக்கியதும் நான்கு கைகளும் பக்கவாட்டில் நகராமல் பூட்டிக்கொள்கின்றனவா என்று தள்ளிப் பாருங்கள், பல ஒர்க்‌ஷாப்புகளில் அப்படிப் பூட்டும் பல்சக்கரம் தேய்ந்தோ கழற்றப்பட்டோ இருக்கும். ஹைட்ராலிக் இல்லாமல் ஸ்க்ரூவில் ஏறும் பழைய வகை என்றால் உள்ளே இருக்கும் நட் தேய்ந்திருக்கும், அதற்கு உதிரி கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பேரம் பேசுங்கள். பழைய ஆங்கர் போல்டுகளை அவர்கள் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். புதிது வாங்கி மாட்டி, சில நாள் ஓட்டிய பின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கம் பாருங்கள்.