தாத்தாவின் கடிகாரமும் உப்புத்தாளும்

அன்புள்ள ஐயா,

தாத்தா வைத்திருந்த ‘புல்’ மின்கடிகாரம் 20 வருடமாக ஓடவில்லை. புது பேட்டரி போட்டும் பெண்டுலம் ஒரு நிமிடம்கூட ஆடாமல் நின்றுவிடுகிறது. காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு குவார்ட்ஸ் மெஷின் வைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். அழகுக்குத் தனியாக ஆடும் பெண்டுலமும் உண்டாம். செய்யலாமா? என்ன எண்ணெய் போடுவது? அடிப்பலகையில் பேட்டரி மாற்றிய தேதிகளைத் தாத்தா பென்சிலில் எழுதியிருக்கிறார். மெஷினை மாற்றினால் அந்தப் பலகையும் போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

செய்யக் கூடாது. எண்ணெயைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். மின்சாரம் தொட்டுப் போகும் காண்டாக்டில் ஒரு சொட்டும் படக் கூடாது, அவ்வளவுதான்.

காயில் போய்விட்டது என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? மீட்டர் வைத்துப் பார்த்தாரா? நீங்களாவது கேட்டீர்களா? வைத்தியர் நாடி பிடிக்காமல் காலை வெட்டச் சொன்னால் சரி என்று நீட்டிவிடுவீர்களா?

1920-களில் பிரான்சில் மோரிஸ் ஃபாவ்ர்-புல் கொண்டுவந்த கடிகாரம் இது. (பெயரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.) இதில் காந்தம் அசையாது. வளைந்த காந்தத் தண்டைச் சுற்றிக் காயில்தான் பெண்டுலமாக ஆடும். ஒரு பக்கம் போகும்போது மட்டும் சிறிய வெள்ளி ஊசி கவட்டை போன்ற ஒரு கவையைத் தொட்டு மின்சாரம் விடும், காயிலுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். திரும்பி வரும்போது மின்சாரம் கிடையாது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். காயிலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். அப்படியானால் ஓடுவது ஒன்றரை மில்லிஆம்பியர்தான். வெள்ளியின் மேல் கண்ணுக்குத் தெரியாத கறை படிந்தாலே இந்தக் கொஞ்ச மின்சாரம் நின்றுபோகும். பழி காயில் மேல் விழும்.

உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். இதை இன்னொரு தடவையும் சொல்கிறேன்: உப்புத்தாளை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். பதினைந்து வயது. அப்பாவின் கடிகாரம் நின்றதும் கவையைத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, கடிகாரமும் ஓடியது. வீட்டில் நடக்க முடியாத அளவுக்குத் தலைக்கனம். ஒரு மாதத்தில் நின்றது. மறுபடி தேய்த்தேன். தேய்த்த கீறல்களில்தான் அடுத்த அழுக்கு தங்குகிறது என்று அப்போது யார் சொன்னார்கள்? நான்காவது தடவை கவையிலிருந்த மெல்லிய வெள்ளித் தகடு காணாமலே போனது. போதாக்குறைக்கு, பலம் போதவில்லையோ என்று 9 வோல்ட் பேட்டரியை மாட்டினேன். பெண்டுலம் வெறிபிடித்த மாதிரி ஆடிக் கூண்டில் இடித்தது. அப்பா வந்து வயரைக் கழற்றினார். லென்ஸை வைத்துக் கவையை வெகுநேரம் பார்த்தார். “நீ துடைக்கலடா, தின்னுட்ட” என்றார். அதற்கப்புறம் அவர் அந்த அறைக்குள் நேரம் பார்க்க வந்ததில்லை.

ஒரு காகிதத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, ஊசியையும் கவையையும் மெதுவாகத் துடையுங்கள். காகிதத்தில் கறுப்பு வரும். கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். அப்புறம் காயிலின் இரு முனைகளிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டரின் முள் அசையவே இல்லையென்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது காயிலிலிருந்து கம்பி வெளியே வரும் முனையைத்தான். முடியைவிட மெல்லிய கம்பி அங்கேதான் முறியும். அதைப் பற்றவைக்கலாம்.

அந்த அழகுக்கு ஆடும் பெண்டுலம் இருக்கிறதே, அதற்குள்ளும் ஒரு காந்தமும் காயிலும்தான். தாத்தாவின் காயிலை எறிந்துவிட்டு, நேரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஆடும் பொம்மைக் காயிலுக்குக் காசு கொடுக்கிறேன் என்கிறீர்கள்.

பென்சில் எழுத்தின் மேல் துணிகூடப் படக் கூடாது. அந்தத் தேதிகளின் இடைவெளியைப் பாருங்கள். வருடக்கணக்கில் இருந்தது திடீரென்று மாதக்கணக்காகச் சுருங்கியிருந்தால், கோளாறு எப்போது தொடங்கியது என்பதைத் தாத்தாவே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்றை மறந்துவிட்டேன். பேட்டரியின் இரு முனைகளும் இடம் மாறினால் தள்ள வேண்டிய மின்சாரம் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தும். ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறது என்கிறீர்கள். எதையும் கழற்றும் முன் பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.