பேஸ் கிட்டார்காரர்கள் கேட்டவை: ஷாக், இரைச்சல், அரை கட்டை, பாக்கிப் பணம்

22 வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரி, கல்லூரி விழா என்று மேடை எதுவானாலும் டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் என் இடம். நம் வாத்தியத்தின் தொல்லைகளைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை என்று பலர் சொன்னதால், கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று வந்திருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: அண்ணே, போன வாரம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் கோரஸ் பாட மைக் பக்கம் போனேன். உதடு பட்டதும் பளீரென்று ஷாக் அடித்தது. மைக்செட் அண்ணன் என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார், அதோடு ஷாக் நின்றுவிட்டது. அப்படியே விடலாமா? (விருதுநகர்)

பதில்: விடவே கூடாது தம்பி. இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பின்னைத் திரும்ப மாட்டுங்கள்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நம் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் என்ற உலோகத் தாங்கியில் உட்கார்ந்திருக்கின்றன. பிரிட்ஜிலிருந்து ஒரு ஒயர் உள்ளே ஓடி, ஜாக் வழியாக, கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்பின் உலோக உடம்புக்குப் போய்ச் சேருகிறது. ஆக, நீங்கள் கம்பியைப் பிடித்திருப்பது ஆம்பின் எர்த்தைப் பிடித்திருப்பதற்குச் சமம். மைக்கின் வலைத்தலை அதேபோல் மிக்சரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மிக்சர் ஜெனரேட்டரிலும் உங்கள் ஆம்ப் கோயில் மின்சாரத்திலும் ஓடினால், அல்லது ஒரு பக்கம் எர்த்தே இல்லாமல் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உங்கள் உடம்புதான் ஒயர்.

பின்னைக் கழற்றியதும் அந்தப் பாதை அறுந்தது, ஷாக் நின்றது. ஆனால் நாளைக்கு ஆம்புக்குள் கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் கழன்று உலோகத்தைத் தொட்டால், 230 வோல்ட்டும் நேராக உங்கள் கம்பிக்கு வரும். ஃபியூஸ் போகாது, போவதற்கு எர்த் வேண்டும். இடது கை கிட்டாரின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் இறுகும், விட முடியாது. இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

செய்ய வேண்டியது இதுதான். மேடையில் வாத்தியக்காரர்களின் ஆம்ப், கீபோர்டு, மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையை கம்பியிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் சரி. நூறைத் தாண்டிக் காட்டினால், இரண்டு பின் அடாப்டரில் ஓடும் கீபோர்டோ லேப்டாப்போ கசியும் சிறு மின்சாரமாகவும் இருக்கலாம், நிஜமான லீக்கேஜாகவும் இருக்கலாம். எது என்று எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப் வைத்துச் சொல்லிவிடுவார். அதுவரை மைக் பக்கம் போகாதீர்கள்.

எர்த்தைச் சேர்த்ததும் ஒரு ஹம் சத்தம் கிளம்பினால் அதற்கு டிஐ பாக்ஸ் இருக்கிறது, கிட்டார் சத்தத்தை மிக்சருக்கு அனுப்பும் சிறு பெட்டி. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது மிக்சருக்குப் போகும் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், பிளக்கின் எர்த்தை ஒன்றும் செய்யாது.

கேள்வி: என்னுடையது ஜாஸ் பேஸ் மாடல். வீட்டில் அமைதியாக இருக்கிறது, மேடையில் மட்டும் கொர்ரென்று இரைச்சல். பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) மாற்றலாமா? (ஈரோடு)

பதில்: காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு வால்யூமையும் முழுவதும் திறந்து பாருங்கள். ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்கள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருக்கும். இரண்டும் சமமாகத் திறந்திருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் இரைச்சல் திரும்ப வரும். அடுத்து, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் அடங்கும். பெரும்பாலும் சீரியல் லைட் கன்ட்ரோலரோ எல்ஈடி சுவரோதான் காரணமாக இருக்கும், அதிலிருந்து பத்தடி தள்ளி நிற்பதே மருந்து.

இன்னொரு சோதனை. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. ஒரு சால்டரிங் வேலை, அவ்வளவுதான்.

கேள்வி: ஆக்டிவ் பேஸ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஓங்கி வாசித்தால் சத்தம் உடைகிறது. (தஞ்சாவூர்)

பதில்: பேட்டரி. உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் இருப்பதுதான் ஆக்டிவ் பேஸ். அதில் தனியாக சுவிட்ச் கிடையாது, கேபிளைச் செருகுவதுதான் சுவிட்ச். வாசித்து முடித்து கேபிளைச் செருகியபடியே ஸ்டாண்டில் வைத்தால் 9 வோல்ட் பேட்டரி ராத்திரி முழுக்கக் கரைந்துகொண்டே இருக்கும். சாகப்போகிறது என்பதை முதலில் ஓங்கி அடிக்கும் ஸ்வரங்களில்தான் காட்டும்.

ஒரு ஆடி வெள்ளிக்கு, இரண்டாவது பாட்டின் சரணத்தில் என் பேஸ் அப்படியே அடங்கிப்போனது. ராத்திரி எட்டரை மணி, ஊரில் ஒரே ஒரு பெட்டிக்கடை. சவுண்ட் சர்வீஸ்காரர் ஒன்றும் பேசாமல் தன் மல்டிமீட்டரின் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி என் கையில் வைத்தார். கச்சேரி முடியும்வரை அது தாங்கியது. அன்றிலிருந்து என் பையில் எப்போதும் இரண்டு புது பேட்டரி, ஒன்று அவருக்காக.

கேள்வி: பாடகர் மேடையில் வந்து "அரை கட்டை இறக்கிக்கங்க" என்கிறார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார். நான்தான் தடுமாறுகிறேன். (மதுரை)

பதில்: இது நம் எல்லாருக்கும் உள்ள தலைவலி. முதலில் உங்கள் திறந்த கம்பிகளை, அதாவது விரல் அழுத்தாமல் ஒலிக்கும் கம்பிகளை, சி-யை 1 கட்டையாக வைக்கும் சுருதிக் கணக்கில் மனப்பாடம் செய்யுங்கள். தடித்த ஈ கம்பி 3 கட்டை, ஏ கம்பி 6, டி கம்பி 2, ஜி கம்பி 5. ஐந்து கம்பி பேஸ் என்றால் அடியில் இருக்கும் பி 7 கட்டை.

3 கட்டைப் பாட்டு நமக்கு வசதி, திறந்த ஈ கம்பி அடியில் இருக்கிறது. அரை கட்டை இறக்கினால் இரண்டரை கட்டை, டி ஷார்ப். நான்கு கம்பி பேஸில் அந்த ஸ்வரம் ஈ-க்குக் கீழே இல்லவே இல்லை. ஏ கம்பியின் 6-வது ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) ஏற வேண்டும், அங்கே சத்தம் மெலிந்துவிடும். ஐந்து கம்பியில் பி-யின் 4-வது ஃபிரெட்டில் கனமாகக் கிடைக்கும். கச்சேரிதான் தொழில் என்றால் ஐந்து கம்பிக்கு மாறச் சொல்வது இதற்காகத்தான். மேடையில் நின்றுகொண்டு கம்பியைத் தளர்த்திச் சுருதி இறக்க வேண்டாம், கழுத்து நிலைகொள்ள நேரம் எடுக்கும், அதற்குள் இரண்டு பாட்டு போய்விடும்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். வாசிக்கும் பாட்டுகளில் பத்தை எடுத்து, திறந்த கம்பியைத் தொடாமலே முழுவதும் வாசியுங்கள். கை வடிவம் மட்டும் மனதில் நின்றுவிடும். பிறகு யார் எவ்வளவு இறக்கினாலும் கை அரை கட்டைக்கு ஒரு ஃபிரெட் நகரும், அவ்வளவே.

ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் நான் பல தடவை விழுந்திருக்கிறேன். கீபோர்டுக்காரர் பட்டனை அழுத்திய பிறகும் அவர் விரல் பழைய இடத்தில்தான் ஓடும். பிஜிஎம்மில் உங்களைப் பார்த்து "ஏ மைனர்" என்று கத்துவார், காதில் விழுவது ஜி ஷார்ப் மைனர். அவர் விரலைப் பார்த்து வாசித்தால் மாட்டிக்கொள்வீர்கள். கச்சேரிக்கு முன்பே பேசிவையுங்கள்: சொல்லும் பெயர் காதில் கேட்கும் ஸ்வரத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் என் பேஸ் வெறும் "பும் பும்" என்று கேட்கிறது, ஸ்வரமே தெரிவதில்லை. பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகுமா சார்? (கோயம்புத்தூர்)

பதில்: அந்த மண்டபத்தில் பெரிய ஆம்ப் பெரிய பும் பும் தரும். டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், உள்ளே காலியான பலகை மேடை, எல்லாம் அடிச்சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் பெட்டியை ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள், மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மிக்சரில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று நான்கு டெசிபெல் குறைத்து, 800 பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். ஈ கம்பியின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், மேடை மானிட்டர் பலவற்றால் அதைச் சொல்லவே முடியாது. ஸ்வரம் தெரிவது மேலே இருக்கும் சத்தத்தால்தான்.

அதற்கும் முன்னால், கீபோர்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள். பேஸ் இல்லாத குழுக்களில் வாசித்துப் பழகியவர்கள் அந்தக் கையால் பேஸையும் சேர்த்து வாசிப்பார்கள். அவரும் நீங்களும் ஒரே இடத்தில் சற்று முன்பின்னாக விழுந்தால் சேறுதான். டீ குடிக்கும்போது மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, இடது கையை ஒரு ஆக்டேவ் மேல வெச்சுக்கறீங்களா?" என் அனுபவத்தில் பாதிச் சேறு அந்த ஒரு வாக்கியத்தில் போயிருக்கிறது.

கேள்வி: கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதுசு மாதிரி ஆகுமா? (நாகர்கோவில்)

பதில்: சில கச்சேரிகளுக்கு ஆகும். சுற்றுகளுக்கிடையே இறங்கிய வியர்வையும் அழுக்கும் வெளியேறுவதால் பளிச்சென்று ஒலிக்கும், பிறகு மங்கிவிடும். நன்றாக உலர்த்தாவிட்டால் துரு பிடிக்கும். கடற்கரை ஊர்க்காரர் நீங்கள், வாசித்து முடித்ததும் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்தாலே பாதிச் செலவு மிச்சம். பளிச் வேண்டாதவர்களும் உண்டு. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான) கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்றாதவர்.

கேள்வி: அண்ணா, மூன்று மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் மரத்துப்போகிறது. பேஸ் எனக்குக் கனமா என்று வீட்டில் கேட்கிறார்கள். (சென்னை, பெண் வாசிப்பாளர்)

பதில்: நாலு கிலோ யாருக்கும் கனம்தான்ம்மா, ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்லை. மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டை வாங்குங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் இருக்கும் உயரத்துக்கே நிற்கும்போதும் ஏற்றிக் கட்டுங்கள், மணிக்கட்டும் பிழைக்கும். மரத்துப்போவது விரல்வரை இறங்கினால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: காதில் கச்சேரி முடிந்த மறுநாள்வரை ரீங்காரம். பஞ்சு வைத்தால் போதுமா? (சேலம்)

பதில்: போதாது. பஞ்சு மேல்சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும், காதைக் காக்காது. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். நாம் நிற்பதோ சிம்பல் பக்கத்தில். இசைக்காரர்களுக்கென்றே செய்யும் காதடைப்பான் வாங்குங்கள். என் இடது காதில் மெல்லிய விசில் ஒன்று வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது, அது போகாது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கேள்வி: குழுத் தலைவர் நான்கு கச்சேரிப் பணம் பாக்கி வைத்திருக்கிறார். கேட்டால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடமாட்டாரோ என்று பயம். (திருநெல்வேலி)

பதில்: பணம் தராத கச்சேரிக்குக் கூப்பிடாமல் போனால் என்ன நஷ்டம் தம்பி? ஐந்தாவதும் பாக்கிதான் ஆகும். நான் இதே பயத்தில் ஒரு முழு சீசனை இழந்தவன். மார்கழி வந்தது, முகூர்த்தம் இல்லை, கச்சேரி இல்லை, கையில் காசும் இல்லை. அதற்குப் பிறகு போனில் தேதி சொல்லும்போதே மூன்று விஷயம் கேட்டுவிடுகிறேன்: எவ்வளவு, எப்போது, வேன் எங்கே ஏற்றும். பேசியதை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுவேன். பணத்தை வேன் கிளம்பும் முன் வாங்க வேண்டும். விடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அதன் வேகமே குறைந்துவிடும். உங்கள் நான்கு பாக்கிக்கு, தேதி வாரியாக எழுதி அனுப்பி, ஒரு நாள் குறித்துக் கேளுங்கள். நல்ல தலைவராக இருந்தால் கோபப்படமாட்டார்.

கேள்வி: இப்போது ட்ராக் போட்டே பாடிவிடுகிறார்கள். பேஸுக்கு இனி ஆள் தேவைப்படுமா? (புதுச்சேரி)

பதில்: கச்சேரிகள் குறைந்திருப்பது உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் பாடகர் ஒரு தாளம் முன்னால் சரணத்தை எடுத்துவிட்டால் ட்ராக் அவருக்காக நகராது. டிரம்ஸ்காரர் கண்ணைக் காட்டுவார், நான் ஒரு ஸ்வரத்தைத் தாவுவேன், கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இளையராஜா பாடல்களில் சசிதரன், ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த கூட்டம் இது. பேஸ் இறங்கும் இடத்தில் தலை ஆட்டுகிறவர்களை ஒவ்வொரு கச்சேரியிலும் பார்க்கிறேன். பழைய வரிகளை உள்ளது உள்ளபடி வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் கேட்டு ட்ராக்கோடு சேர்ந்து வாசிக்கவும் பழகுங்கள். இரண்டும் தெரிந்தவரைத் தேடிக் கூப்பிடுகிறார்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை என் முதல் கச்சேரி. பையில் என்ன வைத்துக்கொள்ள? (அறந்தாங்கி, 19 வயது)

பதில்: வாழ்த்துகள் தம்பி, மனதார. இரண்டு கேபிள், ட்யூனர், இரண்டு பேட்டரி, ஒரு டிஐ பாக்ஸ், டெஸ்டர், ஜாக்கின் நட்டை முறுக்க ஒரு ஸ்பேனர், டார்ச். ஜாக் நட்டு தளர்ந்தால் உள்ளே ஒயர் முறுகி அறுந்துவிடும், அதனால் சனிக்கிழமையே ஒரு முறை இறுக்கிவிடுங்கள். ஏசி ஹாலிலிருந்து வெளி மேடைக்குப் போனால் கம்பி சூடேறிச் சுருதி இறங்கும், ஆகவே பேஸை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்து, பிறகு ட்யூன் செய்யுங்கள். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று விதி இருப்பதால் கடைசிப் பாட்டுகள் திடீரென்று மாறும், பட்டியலில் கீழே இருப்பதையும் படித்து வையுங்கள். டிரம்ஸ்காரரின் வலது கால் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். போகும் முன் சாப்பிட்டுவிடுங்கள், நமக்கு இலை போடும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும்.