சுவத்துல ஊர்ற விதை

கேள்வி: சார், எங்க வீட்டு பாத்ரூம் சுவத்துலயும் கட்டிலுக்குப் பின்னாடியும் வெள்ளரி விதை மாதிரி தட்டையா, சிமெண்ட் கலர்ல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அழுக்குன்னு தொடைக்கப் போனா நகருது! சின்னக் குழந்தை இருக்குற வீடு, கடிக்குமா? மருந்து அடிக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: கடிக்காதும்மா, கொட்டவும் கொட்டாது, பயப்படவே வேணாம். நீங்க பாத்தது பூச்சி இல்ல, அதோட வீடு. உள்ள ஒரு குட்டி அந்துப்பூச்சியோட புழு இருக்கு, இந்த வகையில ரொம்பப் பேருக்குத் தெரிஞ்சது ஃபீரியோக்கா யூட்டரெல்லா. புழு தன் வாயிலருந்து வர்ற பட்டு நூலால உறை பின்னி, அதுமேல மணல், நூல் பிசிறு, தூசின்னு கெடச்சதையெல்லாம் ஒட்டிக்கும், அதான் சுவரு கலர்லயே தெரியுது. வளர வளர உறையையும் பெருசாக்கிக்கிட்டே போகும், கடைசியில 8லருந்து 14 மில்லிமீட்டர் வரைக்கும் நீளம் வரும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த உறைக்கு ரெண்டு பக்கமும் வாசல் இருக்கு. நடுப்பகுதி அகலமா இருக்குறதால புழு உள்ளயே திரும்பிக்கும், இந்தப் பக்கம் தொட்டா உள்ள போயி அந்தப் பக்கமா தலைய நீட்டி, ஆறு காலால சுவத்தப் புடிச்சு வீட்டையே இழுத்துக்கிட்டு கெளம்பிடும்!

திங்கிறது பழைய ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, அப்பறம் கம்பளி. பருத்தித் துணிய ஒண்ணும் பண்ணாது. வளந்ததும் உறைய சுவத்துல நூலால கட்டிட்டு உள்ளயே கூட்டுப்புழுவா மாறி, அப்பறம் சாம்பல் கலர் பூச்சியா வெளிய வரும், அந்தப் பூச்சி எதையும் சாப்பிடுறதே இல்ல. உறையோட ஒரு முனையில சருகு மாதிரி தோல் நீட்டிக்கிட்டு இருந்தா ஆள் பறந்தாச்சுன்னு அர்த்தம்.

மருந்து வேணவே வேணாம், குழந்தை இருக்குற வீட்டுல இதுக்குப் போயி எதுக்கு விஷம்? ஒட்டடை அடிங்க, கட்டிலுக்குப் பின்னாடி பெருக்குங்க, ஈரம் தங்காம காத்து வர விடுங்க, கம்பளி இருந்தா நல்லா வெயில் காட்டி இறுக்கமா மூடுற டப்பாவுல வையுங்க. தீனியும் ஈரமும் கொறஞ்சா தானா கொறஞ்சிடும். பெருக்கித் தள்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ண வெள்ளைப் பேப்பர்ல வச்சு குழந்தைக்குக் காட்டுங்க, கொஞ்ச நேரம் யாரும் அசையாம இருந்தா மெதுவா அந்த பிரவுன் தலை வெளிய வரும்.