நிராகரித்தது டைரக்டரி, பணம் கேட்பது தரகர்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. காரைக்குடி அருகே வசிக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவு, தூண், தரைக்கல் ஆகியவற்றைப் படமெடுத்து, தமிழில் குறிப்பு எழுதி ஓர் இணையதளம் நடத்துகிறேன். கர்லி என்ற வெப் டைரக்டரியில் (இணையதளங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கித் தரும் பட்டியல்) தன்னார்வத் தொகுப்பாளராகச் சேர, ‘தமிழ்நாடு’ பிரிவைக் கேட்டு விண்ணப்பித்தேன். மாதிரியாக என் தளம், என் மகனின் டிராவல்ஸ் தளம், ஒரு நாளிதழின் தளம் ஆகிய மூன்றைக் கொடுத்தேன். நிராகரித்துவிட்டார்கள், காரணம் தெளிவாக இல்லை. இப்போது ஓர் எஸ்.இ.ஓ. ஏஜெண்ட் (தேடலில் தளத்தை முன்னே கொண்டுவருவதாகச் சொல்பவர்), 18,000 ரூபாய் கொடுத்தால் தொகுப்பாளர் கணக்கே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அந்த டைரக்டரியில் இடம்பெறாவிட்டால் கூகுளில் என் தளம் வராதாம். 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மீதியைக் கொடுக்கலாமா? மறுபடி விண்ணப்பிக்க முடியுமா? (விண்ணப்ப நகலை இணைத்திருக்கிறேன்.)

பதில்: மீதி 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மீதியைக் கேட்டு அவர் போன் செய்தால் எடுக்கவும் வேண்டாம். மறுபடி விண்ணப்பிக்கலாம், அதற்குக் காசு கிடையாது. அவசரமாகத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் விண்ணப்பம் ஏன் விழுந்தது என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த ஏஜெண்டின் கதையை முடித்துவிடுகிறேன்.

‘டைரக்டரியில் இல்லையென்றால் கூகுளில் வராது’ என்பது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். காலாவதியான உண்மை. கர்லியின் முன்னோடி டிமோஸ். அமெரிக்காவில் 1998இல் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் தொடங்கினார்கள். அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனம் அதை வாங்கியது. தளங்களை இயந்திரம் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக மனிதர்கள் படித்துப் பார்த்து, பிரிவு பிரிவாக அடுக்கி, இரண்டு வரி குறிப்பு எழுத வேண்டும் என்பதுதான் அதன் யோசனை. 2000ஆம் ஆண்டு முதல் கூகுள் அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்துத் தன் பெயரில் ஒரு டைரக்டரி நடத்தியது. தேடல் முடிவில் தளத்தின் பெயருக்குக் கீழே வரும் குறிப்பைக்கூடச் சில நேரம் டிமோஸிலிருந்து எடுத்துப் போட்டது. அந்தக் காலத்தில் டிமோஸில் இடம் கிடைப்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் கூகுள் தன் டைரக்டரியை 2011இல் மூடியது. யாஹூ டைரக்டரி 2014 இறுதியில் போயிற்று. டிமோஸே 2017 மார்ச் 17ஆம் தேதி மூடப்பட்டது. அப்போது அதில் 90 மொழிகளில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. பழைய தொகுப்பாளர்கள் அந்தத் தொகுப்பை விட மனமில்லாமல் தொடர்ந்து நடத்துவதுதான் கர்லி. நல்ல முயற்சி, மதிக்கிறேன். ஆனால் அதில் இல்லாத கோடிக்கணக்கான தளங்கள் இன்று கூகுளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் தளமும் வரும். ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவச வசதியில் தளத்தைப் பதிவு செய்தால், உங்கள் பக்கங்களைக் கூகுள் பார்த்திருக்கிறதா இல்லையா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். ஏஜெண்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் அவருக்கு என்ன வரும்படி?

அடுத்தது, ‘தொகுப்பாளர் கணக்கு வாங்கித் தருகிறேன்’ என்பது. அந்தக் கணக்கு தனி நபருக்கு உரியது. விற்க, வாங்க, கைமாற்ற முடியாது. எந்தத் தளத்தை யார் சேர்த்தார், யார் நீக்கினார், யார் குறிப்பைத் திருத்தினார் என்பதெல்லாம் பெயரோடு பதிவாகிறது. மூத்த தொகுப்பாளர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்கிய கணக்கு என்று தெரிந்தால் கணக்கு போகும், அதன் வழியாக உள்ளே வந்த தளங்களும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும். உங்கள் தளம் அதில் ஒன்று. நாளைக்கு நேர்மையாக மறுபடி விண்ணப்பிக்கப் போனாலும் அந்தப் பழைய குறிப்பு அங்கே காத்திருக்கும். பணம் கொடுத்து உங்கள் பெயரை நீங்களே கெடுத்துக்கொண்டதாக ஆகும்.

இந்தத் தரகர்கள் இப்படிப் பேசத் துணிவதற்கு ஒரு காரணம் உண்டு. யாஹூ டைரக்டரியில் வணிகத் தளங்களைப் பரிசீலிக்க ஆண்டுக்கு 299 டாலர் வாங்கினார்கள். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. அதனால் ‘டைரக்டரி என்றால் காசு’ என்ற எண்ணம் பலர் மனத்தில் தங்கிவிட்டது. டிமோஸிலும் கர்லியிலும் அந்த வழக்கம் கிடையாது. தளத்தைப் பரிந்துரைக்கக் கட்டணம் இல்லை, தொகுப்பாளருக்குச் சம்பளமும் இல்லை. நடுவில் கை நீட்டும் எவரும் தன் பாக்கெட்டுக்குத்தான் வாங்குகிறார்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் அடுத்து அதைத்தான் கொண்டுவருவார். ‘சரி அம்மா, அந்த ஒன்று வேண்டாம், 500 டைரக்டரிகளில் போட்டுத் தருகிறேன், 6,000 கொடுங்கள்’ என்பார். டிமோஸ் தன் தொகுப்பை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாக விட்டிருந்தது. அதை நகலெடுத்து, பெயர் மாற்றி, விளம்பரம் ஒட்டிய தளங்கள் எத்தனையோ. மனிதர் எவரும் எட்டிப் பார்க்காத அந்த வெற்றுப் பட்டியல்களில் உங்கள் முகவரியைக் கொட்டிவிட்டு, எக்செல் தாளில் 500 வரி அடித்து உங்களுக்கு அனுப்புவார். பயன் இல்லாதது மட்டுமல்ல, தரம் குறைந்த டைரக்டரி இணைப்புகளைக் கூகுள் தன் விதிகளிலேயே மோசடி இணைப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது.

இப்போது உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். உள்ளதைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்: நான் அங்கே பரிசீலிப்பவராக இருந்தாலும் இதை ஏற்றிருக்க மாட்டேன்.

முதல் சிக்கல், பிரிவு. நீங்கள் கேட்டது பிராந்தியம், ஆசியா, இந்தியா என்று இறங்கி வரும் ‘தமிழ்நாடு’. அது ஆங்கிலத் தளங்களுக்கான கிளை. தமிழில் எழுதப்பட்ட தளங்கள் அங்கே போவதில்லை. உலக மொழிகளுக்கென்று தனியாக ஒரு கிளை இருக்கிறது, அதற்குள் தமிழ்ப் பகுதியில்தான் அவை சேரும். தமிழ்நாட்டு வீடுகளைப் பற்றிய தளம் என்பதால் ‘தமிழ்நாடு’ என்று நினைத்தீர்கள். எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அங்கே மொழிதான் முதலில் கிளை பிரிக்கிறது, ஊர் அதற்குப் பிறகு. போதாக்குறைக்கு, ஒரு மாநிலம் முழுவதையும் புதியவர் ஒருவர் கையில் கொடுக்க மாட்டார்கள். தமிழ்ப் பகுதியில் பத்துப் பதினைந்து தளங்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு பிரிவைக் கேளுங்கள். வேலை தெரிகிறது என்று கண்டால் பெரிய பிரிவு பின்னால் தானே வரும்.

இரண்டாவது, குறிப்பு எழுதிய விதம். உங்கள் தளத்துக்கு நீங்கள் எழுதியிருப்பது: ‘செட்டிநாட்டின் பெருமையை உலகறியச் செய்யும் ஒப்பற்ற தளம், அனைவரும் கண்டுகளிக்க வேண்டியது.’ ஆண்டு விழா மலருக்கு இது நன்றாக இருக்கும். டைரக்டரியில் வேலைக்கு ஆகாது. தளத்துக்குள் என்ன இருக்கிறது என்று இதைப் படிப்பவருக்குத் தெரியவில்லையே! இப்படி எழுதிப் பாருங்கள்: ‘காரைக்குடி வட்டாரத்து வீடுகளின் நிலைக்கதவு, தூண், ஆத்தங்குடி தரைக்கல் பற்றிய படங்களும் கட்டுரைகளும்.’ புகழ்ச்சி இல்லை, அழைப்பு இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. நாளிதழுக்கு எழுதிய ‘நம்பர் 1’ என்பதும் அப்படியே. அது அவர்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்வது, நீங்கள் எழுத வேண்டியதில்லை. அந்த நாளிதழையே விட்டிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த தளத்தைக் கொடுத்தால் நீங்கள் தேடிக் கண்டுபிடித்தது என்ன என்று கேட்பார்கள். அந்தப் பிரிவில் இன்னும் சேராத, பிறர் நடத்தும் நல்ல தளங்களாகக் கொடுங்கள்.

மூன்றாவதுதான் உங்களைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை என்று ஒரு கட்டம் இருக்கிறது. நகலில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. மேலே மாதிரியாகக் கொடுத்த மூன்றில் ஒன்று உங்களுடையது, ஒன்று உங்கள் மகனுடையது! உங்களுக்குத் தீய எண்ணம் இல்லை, ‘வியாபாரத் தொடர்பு’ என்று புரிந்துகொண்டிருப்பீர்கள். பரிசீலிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? தன் கடையை உள்ளே நுழைக்க வரும் ஆட்களை நாள்தோறும் பார்த்துச் சலித்தவர் அவர்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சொந்தத் தளம் இருப்பவர் தொகுப்பாளராக முடியாது என்று விதி இல்லை. இருக்கிறது என்பதை மறைப்பவர்தான் ஆக முடியாது. சொந்தத் தளம் சேர வேண்டிய அதே பிரிவைக்கூட நீங்கள் கேட்கலாம். உங்கள் பெயரில் உள்ள தளம், மகன் தளம், நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தது, பணம் வாங்காமல் உறவினருக்குச் செய்து கொடுத்தது, நீங்கள் வேலை பார்த்த பள்ளியின் தளத்தை நீங்கள்தான் கவனித்தீர்கள் என்றால் அது, எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அதிகமாக எழுதியதால் எவரும் குறை சொல்லப் போவதில்லை. சேர்ந்த பிறகும் உங்கள் தளத்தை நீங்களே சேர்க்கலாம், அது அந்தப் பிரிவுக்குப் பொருந்தினால். ஆனால் அடுத்தவர் தளத்துக்கு எழுதுகிற அதே வறண்ட இரண்டு வரியைத்தான் அதற்கும் எழுத வேண்டும். உங்களைப் போலவே செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதும் இன்னொருவர் தளம் பரிந்துரைக்கு வந்தால், அவரை நீங்கள் கண்டுகொள்ளாமல் கிடப்பில் போடக் கூடாது. மகனுக்குப் போட்டியான டிராவல்ஸ் தளம் வந்தாலும் அப்படித்தான். கை நடுங்குகிறது என்றால் ‘இதில் எனக்குத் தொடர்பு உண்டு, வேறொருவர் பாருங்கள்’ என்று குறிப்பு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அதை எவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

எல்லாத் தவறும் உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. ஒரு முழு வாழ்க்கையைப் பாடம் சொல்லிக் கழித்த ஒருவர் மெனக்கெட்டு விண்ணப்பம் எழுதி அனுப்புகிறார். அதற்கு ‘பொதுவாக இந்தக் காரணங்களால் நிராகரிக்கிறோம்’ என்று எல்லாவற்றையும் அடுக்கிய ஒரே அச்சுக் கடிதம். அவற்றில் எது உங்களுக்கு என்று ஒரு கோடாவது போடக் கூடாதா? தன்னார்வலர்கள், நேரமில்லை என்பார்கள். நேரமில்லாதவர்களுக்குத்தானே ஆள் வேண்டும்! டிமோஸ் காலத்திலிருந்தே இந்த வழக்கம்தான். பரிந்துரைத்த தளங்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றன, கேட்டால் பதில் வராது. தகவல் வராத இடத்தில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்காருகிறார். விதிகளை மறைக்கவில்லை, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அதைப் பொறுமையாகப் படிக்க ஆங்கிலம் தெரிந்த, வேலை இல்லாத ஆள் வேண்டும்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ இன்னொரு விண்ணப்பத்தையும் சேர்த்துத் தட்டிவிடாதீர்கள். ‘ஒன்று போனாலும் ஒன்று கிடைக்கும்’ என்று இதையும் ஏஜெண்டுகள் சொல்லித் தருகிறார்கள். ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதிரி எழுத்தில் இரண்டு வந்தால் இரண்டுமே போகும். ‘ஏன் விரும்புகிறீர்கள்’ என்ற இடத்தில் தமிழ்த் தொண்டு, சமூக சேவை என்றெல்லாம் எழுதாமல், அந்தப் பிரிவில் எந்த இணைப்பு வேலை செய்யவில்லை, எந்த நல்ல தளம் விடுபட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தளம் இடம்பெற வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் தொகுப்பாளர் ஆகவே தேவையில்லை. தமிழ்ப் பகுதியில் பொருத்தமான பிரிவுக்குப் போய், தளத்தைப் பரிந்துரைக்கும் படிவத்தை ஒருமுறை நிரப்பி அனுப்பினால் போதும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் அதைப் பாதிக்காது, இரண்டும் வேறு வேறு. மாதம் ஒருமுறை அனுப்பித் தொல்லை செய்ய வேண்டாம். சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. மகனின் டிராவல்ஸுக்கு ஆள் வர வேண்டுமென்றால் கூகுள் மேப்பில் அவர் நிறுவனத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அதுவும் இலவசம். அதற்கும் 2,000 ரூபாய் கேட்கும் ஆள் காரைக்குடியிலேயே இருப்பார், ஏமாற வேண்டாம்.

கொடுத்த 3,000 ரூபாயைப் பற்றி. யு.பி.ஐ. மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை எண்ணையும், கணக்கு வாங்கித் தருவதாக அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மழுப்பினால் தேசிய சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ‘வேலைக்காக’ என்று உங்கள் தளத்தின் பாஸ்வேர்டையோ, டொமைன் (தளத்தின் இணைய முகவரி) பதிவுக் கணக்கின் பாஸ்வேர்டையோ அவரிடம் கொடுத்திருந்தால், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவற்றை மாற்றுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, பதிவில் உள்ள மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்பதையும் மகனை வைத்துக்கொண்டு இன்றே சரிபார்த்துவிடுங்கள்.